மாப்ள, அந்த மெஷின் வேண்டாம்

போன வாரம் கரூரிலிருந்து அத்தை பையன் போன் செய்தான். நலம் விசாரிப்பெல்லாம் ரெண்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. “ஏனுங்க மச்சான், பொங்கலுக்கு வரும்போது அந்தப் புதையல் எடுக்குற மெஷின் ஒண்ணு வாங்கிட்டு வாங்க, அமராவதியில எறங்கிரலாம்.” பாதி விளையாட்டு, பாதி நிஜம். மாட்டேன் என்றேன். ஏன் என்று போனில் விளக்க எனக்கும் பொறுமை இல்லை, கேட்க அவனுக்கும் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன், படித்துக்கொள் மாப்ள.

நான் இங்கிலாந்தில் சஃபோக் பக்கம் நாலு வருஷமாக மெட்டல் டிடெக்டரும் கையுமாக அலைகிறவன் என்பது நண்பர்களுக்குத் தெரியும். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், புதையல் எல்லாம் கிடைப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி நேரம் நடந்தால் கிடைப்பது கோக் டின் வளையம், தோட்டாவின் பித்தளை அடிப்பாகம், ஈயத் துண்டு, அப்புறம் பட்டன். பட்டன் என்றால் அப்படியொரு பட்டன்! இத்தனை பேர் வயலில் வந்து சட்டையைக் கிழித்துக்கொண்டார்களா என்று ஆரம்பத்தில் குழம்பினேன். பிறகுதான் தெரிந்தது, அந்தக் காலத்தில் நகரத்துக் கழிவையும் கந்தல் கம்பளித் துணியையும் வண்டி வண்டியாகக் கொண்டுவந்து வயலுக்கு எருவாகப் போட்டிருக்கிறார்கள். துணி மக்கிப் போனது, பட்டன் மக்கவில்லை.

முதல் வருஷம் கோதுமை அறுத்த வயல் ஒன்றில் (உரிமையாளர் அனுமதியோடுதான், அது இல்லாமல் இங்கே கால் வைக்க முடியாது) மெல்லிசாக ஒரு சிக்னல். ஒரு சாண் ஆழம்கூட இல்லை. சுண்டுவிரல் நகம் அளவு, முக்கோணமாக, தேங்காய்ச் சில்லு மாதிரி ஒரு வெள்ளித் துண்டு. உடைந்த காசு என்று தூக்கிப் போடப் பார்த்தேன். உடைந்தது இல்லை, வேண்டுமென்றே வெட்டியது. இடைக்கால இங்கிலாந்தில் புழங்கிய காசு வெள்ளிப் பென்னிதான், சில்லறைக்கு வழியில்லை, அதனால் பின்பக்கம் இருக்கும் சிலுவைக் கோட்டை வைத்தே அரையாகவும் காலாகவும் கத்தரித்துப் புழங்கியிருக்கிறார்கள். நம் ஊரில் கால் காசு பெறாதவன் என்று திட்டுவோம், நிஜமான கால் காசைக் கையில் பிடித்துப் பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்தக் குஷியில் செய்யக்கூடாததைச் செய்தேன். வீட்டுக்கு வந்து சோடா உப்புப் போட்டு டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன். ஒரு மாசம் கழித்து, இந்த மாதிரிப் பொருட்களைப் பதிவு செய்யும் அலுவலரிடம் பெருமையாக நீட்டினேன். அந்தம்மா காசை அரை நிமிஷம்தான் பார்த்தார். எங்கே கிடைத்தது, சரியாக எந்தப் புள்ளியில் என்றார். “அந்த வயலில்தான்” என்றேன். அந்த வயல் நாற்பது ஏக்கர். அவர் திட்டவில்லை, பேனாவை மட்டும் கீழே வைத்தார். அதிலிருந்து ஒரு ஈயக் குண்டு கிடைத்தாலும் ஜிபிஎஸ் புள்ளியைக் குறிக்காமல் குழியை மூடுவதில்லை.

இதே சஃபோக்கில் ஹாக்ஸன் என்று ஒரு ஊர். 1992 நவம்பரில் எரிக் லாஸ் என்பவர், விவசாயி நண்பர் தொலைத்த சுத்தியலைத் தேடிக் கொடுக்க டிடெக்டரோடு போனார். கிடைத்தது ரோமானியத் தங்கக் காசும் வெள்ளிக் காசும் கரண்டியும். கொஞ்சம் எடுத்தவர் அதோடு நிறுத்திவிட்டுத் தகவல் சொன்னார். என்னைக் கேட்டால் பிரிட்டனில் டிடெக்டர் பிடித்த யாரும் செய்த மிகப் பெரிய காரியம் அந்த நிறுத்தல்தான். மறுநாள் தொல்லியல் ஆட்கள் வந்து முறையாகத் தோண்டியதால் 15,000 காசு வாக்கில் கிடைத்தது மட்டுமல்ல, எல்லாம் ஒரு மரப்பெட்டியில் இருந்தது, எது எதற்குப் பக்கத்தில் இருந்தது என்பது வரை தெரிந்தது. சன்மானம் 17.5 லட்சம் பவுண்டு, விவசாயியோடு பங்கு போட்டுக்கொண்டார். சுத்தியலும் கிடைத்தது, அதுவும் பிரிட்டிஷ் மியூசியத்துக்கே போய்விட்டது!

அந்தப் பெட்டியில் நாலு வெள்ளி மிளகுச் செப்புகள் இருந்தன. ஒன்று ஒரு சீமாட்டியின் உருவம், அடியில் இருக்கும் தகட்டைத் திருகினால் திறக்கும், மூடும். அதன் கண்ணாடிக்கு முன்னால் வெகுநேரம் நின்றேன். ரோமர்களுக்கு மிளகு போனது நம் மேற்குக் கடற்கரையிலிருந்து. அவர்களுடைய காசு வந்து சேர்ந்த இடங்களில் ஒன்று, மாப்ள, நீ இறங்கலாம் என்கிற அதே அமராவதி.

எல்லோரும் எரிக் லாஸ் இல்லை. 2015இல் ஹியர்ஃபோர்ட்ஷயரில் வைக்கிங் காலப் புதையல் ஒன்றை எடுத்த ரெண்டு பேர் சொல்லாமல் விற்கப் பார்த்துச் சிறைக்குப் போனார்கள். 300 காசு இருந்திருக்கும் என்றார்கள், அந்த வழக்கில் கிடைத்தது முப்பது சொச்சம். அதில் சிலவற்றில் ரெண்டு பேரரசர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உருவம். அந்தக் காலத்து வெஸ்ஸெக்ஸ் நாட்டு மன்னன் ஆல்ஃபிரட் அடித்தது, கூடவே பக்கத்து நாடான மெர்சியாவின் மன்னன் கேயோல்வுல்ஃபும் அதே மாதிரிக் காசு அடித்திருக்கிறான். பொம்மை ராஜா என்று பிற்காலத்தார் ஒதுக்கியவன் ஆல்ஃபிரடுக்குக் கூட்டாளியாக இருந்திருக்கிறான். மீதிக் காசு என்ன சொல்லியிருக்குமோ.

இங்கே 1996 சட்டப்படி புதையல் என்று தெரிந்தால் 14 நாளுக்குள் கரோனரிடம் சொல்லவேண்டும் (சாவை விசாரிக்கிற அதே அதிகாரிதான், ஏனென்று கேட்காதீர்கள்). மியூசியம் எடுத்துக்கொண்டால் சந்தை விலையைக் கொடுக்கிறது. நம் ஊரில் இன்றைக்கும் இருப்பது 1878ஆம் வருஷச் சட்டம். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது கிடைத்தால் கலெக்டருக்கு எழுதிக் கொடுக்கவேண்டும், மறைத்தால் ஜெயில். அரசாங்கமே எடுத்துக்கொண்டால் அந்த உலோகத்தின் மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும் தரும். அதாவது சேரன் காசுக்குப் பழைய வெள்ளி விலை, மேலே கொஞ்சம். இப்படியிருந்தால் ஆற்றில் காசு பொறுக்கியவன் கலெக்டரிடம் போவானா, நகைப் பட்டறைக்குப் போவானா? ஆளைத் திட்டி என்ன பிரயோஜனம், சட்டம் அந்தப் பக்கம்தான் தள்ளுகிறது.

கரூரில் கிடைத்த, சேர ராஜா ‘மாக்கோதை’யின் வெள்ளிக்காசை நினைத்துப்பார். ராஜாவின் தலை, மேலே தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்தில் பெயர். எங்கே கிடைத்தது என்றால் ஆற்றில் என்பதோடு பேச்சு முடிகிறது. எந்த வளைவு, எவ்வளவு ஆழம், கூட என்ன இருந்தது? என் நாற்பது ஏக்கர் கதையேதான்.

மணல் லாரியில் ஏறிப்போன காசுக்கு யார் புள்ளி குறித்தார்கள் என்று கேட்பாய். நியாயமான கேள்வி, என்னிடம் பதில் இல்லை. அதற்காக நாமும் ஒரு குழி வெட்டவேண்டுமா?

பொங்கலுக்கு வருகிறேன். அத்தைக்கு ஸ்வெட்டர், உனக்குச் சாக்லேட். வேண்டுமானால் கைப்பிடி நிறையப் பட்டனும் கொண்டுவருகிறேன், இங்கே டப்பா நிறைந்து வழிகிறது.