பதிவேட்டில் பெயர் இருந்தால் போதுமா?
ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளும் பள்ளியில் சேர்ந்துவிட்டதால் இந்தியாவில் கல்வி வாய்ப்புச் சிக்கல் தீர்ந்துவிட்டது, இனித் தரத்தைப் பற்றி மட்டும் பேசினால் போதும் என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருப்பதை, கேரளத்தின் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் வழியில் படித்த என்னால் ஏற்க இயலவில்லை. எங்கள் வகுப்பிலும் வருகைப் பதிவேட்டில் எல்லோர் பெயரும் இருந்தது. ஆனால் ஏழாம் வகுப்பில் கணக்கு நடத்த வந்த ஆசிரியருக்குத் தமிழ் தெரியாது. நல்ல மனிதர், ஒருநாளும் வகுப்புக்கு வராமல் இருந்ததில்லை. பின்னத்தில் மேலே உள்ள எண்ணை எங்கள் புத்தகம் தொகுதி, கீழே உள்ளதைப் பகுதி என்று சொல்ல, அவர் மலையாளத்தில் அம்சம், சேதம் என்பார். சேதம் என்றால் எங்களுக்கு மழையில் பயிர் அழிவதுதான். என் பக்கத்தில் இருந்த பையன் கரும்பலகையில் இருந்த மலையாள எழுத்துகளைப் படம் வரைவதுபோல நோட்டில் வரைந்துகொண்டிருப்பான், அந்த ஆண்டோடு அவன் படிப்பு நின்றது. அவனுக்கு வாய்ப்புக் கிடைத்ததாகவா கணக்கில் எழுதுவது? மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிக் கல்விக்கான வசதிகளைச் செய்துதர மாநிலங்கள் முயல வேண்டும் என்று 1956இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 350அ பிரிவு சொல்கிறது. எட்டாம் வகுப்பு வரை செல்லும் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமோ, தாய்மொழி வழியில் கற்பிப்பதைச் சொல்லும் இடத்தில் ‘இயன்றவரை’ என்ற சொல்லைப் போட்டுவிட்டது. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு வாசகர், எல்லைப்புறப் பிள்ளைகள் முதல் வகுப்பிலிருந்தே மலையாள வழியில் படித்தால் என்ன என்று கேட்கிறார். மலையாளம் ஒரு பாடமாகக் கட்டாயம் வேண்டும், கேரளத்தில் வாழ்கிறவர்களுக்கு அது பிழைப்புக்கான மொழி; ஆனால் கணக்கையும் அறிவியலையும் முதன்முதலாகத் தொடும்போது, வீட்டில் அம்மா பேசும் மொழி தெரிந்த ஓர் ஆசிரியர் எதிரில் நிற்க வேண்டும்.