ஊட்டித் தோட்டத்தில் முருங்கைக்காய் காய்த்ததாம்!

நேற்று காலை வந்த காய்கறிக் கூடையைத் திறந்ததிலிருந்து எனக்குக் கொதிப்பு அடங்கவில்லை.

மேலாக நான்கு முருங்கைக்காய். "எங்கள் தோட்டத்தில் இன்று பறித்தது" என்று சீட்டு வேறு. ஜனவரி மாதம், வாசல் புல்லெல்லாம் உப்பைக் கொட்டியது போல உறைபனி வெளுத்துக் கிடக்கிறது. 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். இங்கே எவர் தோட்டத்தில் முருங்கை காய்க்கிறது? அது சமவெளியிலிருந்து வண்டியேறி மலைக்கு வருவது என்று ஊட்டியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

நவம்பர் கடைசியில், தங்கள் தோட்டத்தில் விளைவதை வாரம் ஒரு கூடை அனுப்புவதாக, குளிர்காலப் பங்கு என்று சொல்லி 12 வாரத்துக்கு 6,000 ரூபாய் முன்பணம் வாங்கினார்கள் இந்தத் தோட்டக்காரர்கள். "பனிக்காலத்தில் என்ன விளையப்போகிறது, மார்க்கெட்டிலேயே வாங்கிக்கொள்ளலாம்" என்றார் வீட்டுக்காரர். நான்தான் பிடிவாதமாகச் சேர்ந்தேன். கேரட் விதைத்தால் எடுக்க மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். அதுவரை விதை, எரு, கூலி எல்லாம் கைக்காசு. நம் பணம் முன்னாடியே போனால் அவர்கள் வட்டிக்கு வாங்க வேண்டாமே என்று நினைத்தேன். ஜப்பானில் 1970களில் பூச்சிமருந்துக்குப் பயந்த குடும்பங்கள் விவசாயிகளோடு நேரடியாகச் சேர்ந்து வளர்த்த முறை இது, தெய்கெய் என்பார்கள். விளைச்சலில் பங்கு என்றால் நட்டத்திலும் பங்கு. அது தெரிந்துதான் பணம் கட்டினேன்.

முதல் இரண்டு வாரம் வந்த கேரட்டை இன்னும் மறக்க முடியவில்லை. தழையோடு, மண்ணோடு வந்தது. ஒன்று நேராக, ஒன்று கோணலாக, ஒன்று இரண்டு காலாகப் பிரிந்து. குழாய்த் தண்ணீரில் கழுவுவதற்குள் விரல் விறைத்துப்போனது. குளிர் பட்ட கேரட்டில் இனிப்பு கூடும். பொரியலுக்கு நறுக்கி வைத்ததில் பாதியை என் மகள் பச்சையாகவே தின்றுவிட்டாள்.

நான்காவது வாரம் வந்தது வேறு கேரட். மெஷினில் கழுவி, தோல் வழுவழுவென்று, எல்லாம் ஒரே அளவு. தழை வெட்டிய இடம் கருத்திருந்தது. பார்த்தவுடனே தெரிந்தது, மண்டிச் சரக்கு. நம் மலையில் விளைந்து, மேட்டுப்பாளையத்துக்கு ஐம்பது கிலோமீட்டர் இறங்கி, ஏலம் போய், திரும்பவும் மலையேறி வந்திருக்குமோ என்னவோ! அதற்கு நான் ஏன் முன்பணம் கட்ட வேண்டும்?

போன் போட்டுக் கேட்டேன். "கூடை நிறையலன்னா கஸ்டமர் கோபப்படுவாங்க அக்கா, அதான் வெளியில வாங்கிப் போடுறோம்" என்றார் அந்தத் தம்பி. நாங்கள் கோபப்படுவோம் என்று நீங்களே எப்படி முடிவு கட்டினீர்கள்? ஒரு வார்த்தை கேட்டீர்களா?

நான் இந்த ஊரில் பிறந்தவள். வெயில் ஏறுவதற்குள் பனியைக் கரைக்க, விடியற்காலை இருட்டில் ஸ்பிரிங்க்ளரைத் திறந்துவிட ஓடுகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவள். ஒரே ராத்திரியில் உருளைக்கிழங்குச் செடி முழுக்க வெந்த கீரை மாதிரித் துவண்டு கருகிக் கிடந்ததையும் பார்த்திருக்கிறேன். அந்த மாதிரி நடந்தது என்று இரண்டு வரி எழுதி, கூடையில் நான்கே நான்கு நூல்கோலை மட்டும் வைத்து அனுப்பியிருந்தால் ஒரு வார்த்தை பேசியிருப்பேனா? மனசார வாங்கிச் சமைத்திருப்பேன். பனியில் நிஜமாகவே பாடுபட்டு, இருப்பதை மட்டும் கொடுக்கிற தோட்டக்காரர்களையும் இனிமேல் எல்லோரும் சந்தேகத்தோடுதானே பார்ப்பார்கள்? எனக்கு அதுதான் தாங்கவில்லை.

இன்னும் ஐந்து வாரம் பாக்கி. உங்கள் மண்ணில் விளைந்ததை மட்டும் அனுப்புங்கள், ஒரு பிடி கீரையாக இருந்தாலும் சரி. முடியாது என்றால் அந்த ஐந்து வாரப் பணம் 2,500 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள். முருங்கைக்காயை வாசலிலேயே வைத்திருக்கிறேன், வந்து எடுத்துக்கொண்டு போங்கள்.