கேட்காததைச் சொல்லாவிட்டால் பொய் இல்லையா?

"பழைய பைக்கை விற்கும்போது கேட்டதற்கு உண்மை சொன்னால் போதும், கேட்காததைச் சொல்லாதது பொய் ஆகாது" என்று ஒருவர் எழுதியிருந்தார். பாதிதான் சரி. பார்த்தாலே தெரியும் கீறலையோ, எந்த விலைவரை இறங்குவீர்கள் என்பதையோ சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உங்களுக்கு மட்டுமே தெரிந்த, வாங்குபவர் கண்டுபிடிக்க வழியில்லாத பழுது வேறு.

வண்டி பார்க்க ஆள் வருவதற்குப் பத்து நிமிடம் முன்பே இன்ஜினைச் சூடாக்கி வைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். வாயால் ஒரு பொய்கூட இல்லை. ஆனால் வால்வு சீல் (ஆயில் இன்ஜினின் எரியும் அறைக்குள் கசியாமல் தடுக்கும் சின்ன ரப்பர் வளையம்) தேய்ந்தால் வரும் நீலப் புகை பெரும்பாலும் குளிர்ந்த இன்ஜினின் முதல் ஸ்டார்ட்டில்தான் தெரியும், பிறகு அடங்கிவிடும். ஆயில் கசிவைத் துடைத்துவிட்டுக் காட்டுவதும் இதே வகைதான். இது மௌனம் இல்லை, ஏமாற்று வேலை.

எதைச் சொல்வது என்று குழப்பமாக இருந்தால் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: இது தெரிந்தால் வாங்குபவர் விலையைக் குறைத்துக் கேட்பாரா, வேண்டாம் என்பாரா? ஆம் என்றால் சொல்லிவிட வேண்டும். அதுவும் விலை பேசுவதற்கு முன்பே. முன்பணம் கைமாறிய பிறகு சொன்னால் அவரால் எளிதில் பின்வாங்க முடியாது. பலர் சறுக்குவது இங்கேதான். "சின்னச் சின்ன வேலை இருக்கு" என்று மழுப்பாமல், "காலையில் முதல் ஸ்டார்ட்டில் புகை வரும், இன்னும் சரிபார்க்கவில்லை" என்று மெசேஜிலேயே எழுதிவிடுங்கள். காரணம் தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லலாம், தவறில்லை.