மரப்பட்டியை எந்தக் காட்டில் விடுவதாக உத்தேசம்?

எறணாகுளத்தில் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாளாக இதே பேச்சுதான். நாலாவது வீட்டுச் சேச்சியின் தட்டின்புறத்தில், அதாவது கூரைக்கு அடியிலுள்ள பரணில், மரப்பட்டி என்கிற பிராணி குடியேறிவிட்டது. ஆளுக்கு இருநூறு ரூபாய் போட்டுக் கூண்டு வாங்கலாம், பிடித்து அதிரப்பிள்ளிப் பக்கம் காட்டில் விட்டுவிடலாம் என்று ஒருவர் எழுதினார். எல்லாரும் கட்டைவிரலை உயர்த்திவிட்டார்கள். நான் மட்டும் உயர்த்தவில்லை. ஏன் என்று கேட்டார்கள். பாலக்காட்டில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் தமிழ் மீடியத்தில் படித்தவன் நான். மலையாளம் தண்ணீர் மாதிரிப் பேசுவேன், ஆனால் நீளமாக எழுத உட்கார்ந்தால் தமிழ்தான் வருகிறது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில், மரப்பட்டி வேறெதுவும் இல்லை, நம் மரநாய்தான். நாயும் இல்லை, பூனையும் இல்லை, புனுகுப் பூனையின் உறவுக்காரன். மூன்று நாலு கிலோ இருக்கும், உடம்பளவுக்கு வாலும் இருக்கும். பகலெல்லாம் தூங்கும், இருட்டினால் கிளம்பும். மலையாளத்தில் அதன் பெயர் ஒரு வசவாகவும் பயன்படுகிறது. எங்கள் ஆபீசில் தினம் ஒருவராவது யாரையாவது மரப்பட்டி என்கிறார்.

எங்கள் ஊர்ப் பக்கம் அதற்குக் கெட்ட பெயர் வேறு வழியில் வந்தது. கேரளம் முழுக்கக் குடிக்கிற கள்ளில் பெரும்பங்கு எங்கள் பாலக்காட்டுச் சித்தூர்த் தாலுகாத் தோப்புகளில்தான் இறங்குகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம், பொள்ளாச்சியில், 1987-லிருந்து கள்ளுக்குத் தடை. இந்தப் பக்கம் விடியற்காலையில் கள்ளு வண்டிகள் வரிசை கட்டும். பாளையைச் சீவி முட்டியைக் கட்டிவிட்டு மரமேறி இறங்கினால், ராத்திரி இந்த மரநாயார் ஏறுவார். வேண்டிய மட்டும் குடித்துவிட்டு, சில நாள் முட்டியையும் கவிழ்த்துவிட்டுப் போவார். எங்கள் தோப்பில் மரம் ஏறிய அண்ணன் காலையில் முட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "ராத்திரிக் கூலி வாங்கிட்டானுங்க" என்பார். திட்டுவார், அடுத்த மரத்துக்குப் போவார். எங்கள் வீட்டு அட்டாலியிலும் ஒன்று இருந்தது. மேலே சத்தம் கேட்டு நான் பயந்தால், "எலியத் தின்னுட்டுப் போவுது, உடு கண்ணு" என்று அப்பா திரும்பிப் படுத்துக்கொள்வார். உண்மையிலேயே எலி தின்னும். பழம்தான் முதல் சாப்பாடு. அது கிடைக்காவிட்டால் எலி, பூச்சி, பல்லி எதுவும் விலக்கில்லை.

இப்போது எறணாகுளத்துக்கு வருவோம். கிராமத்துப் பிராணி பட்டணத்துக்கு வந்து தடுமாறுகிறது, பாவம், காட்டுக்கு அனுப்புவோம் என்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. நான்தான் இங்கே வந்து இரண்டு வருஷம் தடுமாறினேன். அதற்கு என்ன குறை? எங்கள் தெருவில் ஆறு மாமரம், இரண்டு பலா, சாம்பக்காய், கொய்யா, ரம்பூட்டான். முனை வீட்டில் ஒரு கூந்தற்பனை. இங்கே சூண்டப்பனை என்பார்கள். அதன் பழம் கையில் பட்டால் நமக்கு அரிக்கும். மரநாய் அதை ஆனந்தமாகத் தின்றுவிட்டு, மறுநாள் விதையை மதில்மேல் வரிசையாக வைத்துவிட்டுப் போகிறது. போகவர மதிலும் கேபிள் வயரும் இருக்கின்றன. தூங்குவதற்கு ஓட்டுக் கூரைக்கும் பலகைத் தட்டுக்கும் நடுவே இருட்டான, காய்ந்த இடம். மரப்பொந்தில் கேட்டாலும் இப்படிக் கிடைக்காது. டிராபிக் அடங்குகிற நேரத்தில்தான் அதற்குப் பொழுதே விடிகிறது.

இது ஏதோ எங்கள் தெருக் கதை என்று நினைக்க வேண்டாம். 2024 பிப்ரவரியில் முதலமைச்சர் பினராயி விஜயனே மேடையில் சொன்னார்: மந்திரிகளின் வீடு பெரிய வீடு என்று பேர்தான், தேய்த்த சட்டையை வைத்தால் மேலே மரப்பட்டி மூத்திரம் விழுகிறது, தண்ணீர் டம்ளரைக்கூட மூடித்தான் வைக்க வேண்டியிருக்கிறது என்று. போலீஸ் காவல் உள்ள வீட்டிலேயே அந்த நிலைமை. சேச்சி வீட்டில் என்ன காவல் இருக்கிறது, ஒரு பழைய ஜன்னல் கொக்கியைத் தவிர.

சேச்சியின் கஷ்டம் பொய்யில்லை. நான் போய்ப் பார்த்தேன். படுக்கையறைத் தட்டில் மஞ்சளாக ஒரு பெரிய கறை, உள்ளே போனால் கண் எரிகிற நெடி. எழுபது வயதுக்காரர், தனியாக இருக்கிறார், ராத்திரி இரண்டு மணிக்குத் தலைக்குமேல் ஓட்டப்பந்தயம். என் அப்பா மாதிரி திரும்பிப் படுத்துக்கொள்ளுங்கள் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது அங்கே இருக்கக் கூடாது, சரி. என் சண்டை கூண்டோடும் காட்டோடும்தான்.

மரநாய் காட்டிலும் உண்டுதான். ஆனால் சேச்சி வீட்டில் இருக்கிறதே, அது அநேகமாக இதே தெருவில் ஏதோ ஒரு ஓட்டுக்கு அடியில் பிறந்தது. எந்த மாதம் எந்த மதிலில் ஏறினால் சாம்பக்காய் என்று அதற்குத் தெரியும். அதைச் சாக்கில் கட்டி எழுபது கிலோமீட்டர் தள்ளி, எங்கே தண்ணீர், எங்கே பழம், எது யாருடைய எல்லை என்று ஒன்றும் தெரியாத இடத்தில் இறக்கிவிட்டு, விடுதலை கொடுத்தோம் என்று போட்டோ போடுவார்கள். இறக்கியவர் திரும்பி வந்துவிடுவார், அது என்ன ஆயிற்று என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை. அப்புறம் சட்டமும் இருக்கிறது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வனத்துறை அனுமதி இல்லாமல் அதைப் பிடிப்பதே குற்றம். இருபது பேர் சேர்ந்து இருநூறு ரூபாய் போட்டுக் குற்றம் செய்யப்போகிறோம்.

இத்தனையும் செய்து பலன் என்ன? ஓடு விலகிய இடம் அப்படியே இருக்கும். மாங்கிளை கூரைமேல் சாய்ந்தபடியே இருக்கும். காலியான வீட்டுக்கு அடுத்த குடித்தனம் வர நாளாகாது.

ஓட்டையை அடைப்பதுதான் வேலை, அதிலும் ஒரு முறை இருக்கிறது. பகலில் அடைத்தால் உள்ளேயே செத்து நாறும். ஒரு வாரம் ராத்திரியில் கவனித்து எந்த வழியில் வெளியே போகிறது என்று பார்க்க வேண்டும். அந்த வாசலில் கோலமாவைத் தூவினால் காலடி சொல்லிவிடும். வெளியே போன தடம் தெரிந்த பிறகு, ஒன்பது பத்து மணிக்குமேல் கம்பி வலை அடிக்க வேண்டும். கூரையைத் தொடும் கிளையை வெட்ட வேண்டும். குட்டி இருந்தால் மட்டும் இரண்டு மூன்று மாதம் பொறுக்க வேண்டும். தாயை வெளியே விட்டு அடைத்தால் குட்டிகள் மேலே கத்தியே சாகும், அந்தச் சத்தத்தைச் சேச்சி கேட்க வேண்டாம்.

நேற்று ஏணி போட்டு ஏறிக் காதை வைத்துக் கேட்டேன். பூனைக்குட்டி மாதிரிக் கீச்சுச் சத்தம் ஏதுமில்லை. ஆனாலும் ஒரு நாளை நம்பி முடிவு சொல்ல மாட்டேன். சேச்சியிடம் கோலமாவு கேட்டேன், அவர் வீட்டில் அது எதற்கு இருக்கும்? பச்சரிசி மாவு கொடுத்தார், புட்டுக்கு வைத்திருந்ததாம். இன்று காலை பார்த்தால் மேற்கு மூலையில், மூன்றாவது ஓட்டுக்குக் கீழே, ஐந்து விரலும் தெளிவாக விழுந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டம். கூண்டுக்கு என் இருநூறு ரூபாய் கிடையாது, கம்பி வலைக்கு ஐந்நூறு தருகிறேன். ஓடு மேய்கிற ஆளிடமும் பேசிவிட்டேன். ராத்திரி பத்து மணிக்கு ஏறச் சொன்னதும் என்னை ஒருமாதிரி பார்த்தார், ஆனால் வருகிறேன் என்றிருக்கிறார்.