பனையை வரைந்தால் பனையேறியையும் வரையுங்கள்
பேருந்து நிலையச் சுவர்களில் நம் மாநில மரமான பனையை வரையலாம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன், ரொம்ப நல்ல யோசனை. ஆனால் தயவுசெய்து கடலோரம் ஒற்றையாகச் சாய்ந்து நிற்கிற மாதிரி வரைந்துவிடாதீர்கள், அது தென்னை. எங்கள் தூத்துக்குடி மாவட்டத்து உடன்குடிப் பக்கம் பனை, தேரி என்கிற செம்மணல் மேட்டில் நேராக, கூட்டமாக நிற்கும், கொண்டைக்குக் கீழே காய்ந்த ஓலை தொங்கும், ஓலை நுனியில் தூக்கணாங்குருவிக் கூடு ஆடும். அப்புறம், ஆண் பனையில் பாளை விரல் விரலாக நீண்டிருக்கும், பெண் பனையில்தான் நுங்குக் குலை. இரண்டையும் வரைந்தால் பிள்ளைகள் பார்த்தே தெரிந்துகொள்வார்கள். முக்கியமாக, இடுப்பில் அரிவாள் பெட்டியும் காலில் திளாப்பு என்கிற நார் வளையமுமாக ஒரு பனையேறியை மரத்தில் ஏற்றுங்கள். என் தாத்தாவுக்கு மரத்தைக் கட்டிக்கட்டியே நெஞ்சு காய்ப்புக் காய்த்துக் கிடந்தது, விடியுமுன் இறக்கிய பதநீரை ஓலைப் பட்டையில் ஊற்றித் தருவார். அந்தக் காய்ப்பையும் வரைந்துவிடுங்கள்.