கப்பிக்கும் பெண் பார்க்கத்தான் வேண்டும்

ஞாயிற்றுக்கிழமை சென்னை கொளத்தூர் வளர்ப்பு மீன் கடைகள் பக்கம் ஒரு அரை மணி நேரம் நின்று பாருங்கள். ஜோடி கப்பி வாங்க வருகிறவர்கள் எல்லோரும் கவரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து ஆண் மீனின் வாலைத்தான் பார்க்கிறார்கள். ஓரமாக, சாம்பல் நிறத்தில், வயிறு பெருத்து நிற்கிற பெண்ணை ஒருத்தரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. கடைக்காரரும் ஆணைத் தனித்தொட்டியில் பொறுமையாகத் துரத்திப் பிடிப்பார். பெண்ணுக்கு மட்டும் கலப்புத் தொட்டியில் வலையை விட்டு, வந்ததை எடுத்துப் போடுவார். ரொம்ப நாளாக உறுத்துகிற விஷயம், இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

நானும் அப்படி ஏமாந்தவள்தான். ஆசைப்பட்டு ஒரு மஞ்சள் கோப்ரா ஜோடி, அதாவது பாம்புத்தோல் மாதிரி கோடு உள்ள கப்பி ரகம், வாங்கி வந்து, வியாசர்பாடி வீட்டு மொட்டைமாடியில் பழைய ஃபிரிட்ஜைப் படுக்கப் போட்டு அதில் விட்டேன். 12ஆம் நாள் காலையில் பார்த்தால் பாசிக்குள் முப்பதுக்கு மேல் குட்டிகள், வெறும் கண்ணும் வாலுமாக. ஒரே சந்தோஷம். ஆர்ட்டீமியா என்கிற பொடி இறால் முட்டையைப் பொரிக்கவைத்துப் போட்டு வளர்த்தேன். ஒன்றரை மாதத்தில் ஆண்களுக்கு நிறம் ஏறியபோது ஒன்றுக்குப் பாதி உடம்பு கறுப்பு, ஒன்றுக்கு நீல வால், மூன்றுக்கு வாலில் சிவப்புத் தீற்றல், ஆனால் கோப்ராவின் பாம்புத்தோல் கோடு ஒன்றில்கூட இல்லை. அப்புறம்தான் விரல் விட்டு எண்ணினேன். கப்பி குட்டியைச் சுமப்பது ஏறக்குறைய ஒரு மாதம், அது என் வீட்டுக்கு வந்ததோ 12 நாள். வரும்போதே யாருடைய பிள்ளைகளையோ சுமந்துகொண்டுதான் வந்திருக்கிறது.

சரி, அடுத்த ஈடு, அதாவது அடுத்த முறை போடுகிற குட்டிகள், சரியாகிவிடும் என்றுதானே நினைப்போம்? ஆகவில்லை. பெண் கப்பி ஒருமுறை சேர்ந்தால் ஆணின் விந்தை மாதக் கணக்கில் உடம்பிலேயே வைத்திருந்து, ஈட்டுக்கு ஈடு எடுத்துப் பயன்படுத்தும். அடுத்தடுத்த ஈடுகளில் கோப்ராவும் வந்தது, கண்டதும் வந்தது.

இதில் கடைக்காரர்களுக்குச் சாதகமான ஒரு விஷயம் உண்டு. 1920இல் டென்மார்க்கில் யோஹானஸ் ஷ்மிட் என்பவர் முதுகுத்துடுப்பில் கரும்புள்ளி உள்ள ஆண் கப்பிகளை வளர்த்துப் பார்த்தார். புள்ளி அப்பனிடமிருந்து மகன்களுக்கு மட்டுமே போனது, அம்மா யாராக இருந்தாலும் சரி. அது அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகிற ஒய் குரோமோசோம் வழியாகப் போகிறது என்று 1922இல் ஓய்விண்ட் விங்கே காட்டினார். கோப்ரா கோடும் பெரும்பாலும் அப்படித்தான். அதனால்தான் எந்தப் பெண்ணைப் போட்டாலும் ஓரளவு அப்பன் சாடையில் மகன்கள் வந்துவிடுகிறார்கள், வாங்கினவரும் திருப்தியாகிவிடுகிறார். ஆனால் வாலின் அளவு, அடிநிறம், உடம்பு வாகு இதிலெல்லாம் அம்மாவுக்கும் பங்கு உண்டு. அவளிடம் இருக்கிற நிறம் பெரும்பாலும் அவள் உடம்பில் தெரியாது, மகன்களிடம்தான் வெளியே வரும். வெறும் சாம்பல் என்று நாம் ஒதுக்குகிற மீனுக்குள் என்னென்ன கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும்!

இப்போது இன்னொரு கூத்து. கலப்பில் தற்செயலாக அழகாக ஒரு ஆண் வந்துவிட்டால் உடனே படம் எடுத்து, வாயில் நுழையாத பெயர் ஒன்று வைத்து, புது ரகம் என்று விலை ஏற்றி விற்கிறார்கள். அது ரகம் இல்லை, ஒரு மீன். மூன்று தலைமுறை அதே மாதிரி குட்டி போட்டுக் காட்டட்டும், அப்புறம் பெயர் வைக்கலாம்.

ஜோடி சேர்ப்பது விளையாட்டு இல்லை என்பதற்குக் கப்பி மாதிரியே குட்டி போடுகிற பிளாட்டி மீனைப் பார்த்தால் போதும். கரும்புள்ளி உள்ள பிளாட்டியை அதன் உறவுக்கார மீனான வாள்வாலோடு சேர்த்தால் கறுப்பு பரவும், பார்க்க அழகாக இருக்கும். அந்தக் குட்டியைத் திரும்பவும் வாள்வாலோடு சேர்த்தால் அடுத்த ஈட்டில் சிலதுக்கு அந்தக் கறுப்பே தோல் புற்றாகிவிடும். பிளாட்டியிடம் அந்தக் கறுப்பை அடக்கி வைக்கிற மரபணு ஒன்று இருக்கிறது, கலப்பில் அது கழன்றுபோய்விடுகிறது. 1920களிலிருந்தே இதை வைத்துப் புற்றுநோய் ஆராய்ச்சி நடக்கிறது.

என் வழி சலிப்பான வழி. மூன்று வாரம் ஆனதும் குட்டிகளை வெள்ளைக் கிண்ணத்தில் விட்டு ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். அடித்துடுப்பு கூராகத் தொடங்கினால் ஆண், வயிற்றின் கடைசியில் கருந்திட்டு இருந்தால் பெண். அன்றைக்கே வேறு வேறு டப். ஒரு வாரம் அசந்தால் அந்த ஈடே வீண். தேறாததைத் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவேன், வளைந்து பிறந்தது பெரிய மீன்களுக்கு இரையாகப் போகும், அதை மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழையில் டப்புகள் நிரம்பி வழிந்து மாடி முழுக்க ஒரே குளம். யார் எந்த டப்பில் இருந்தவர்கள் என்றே தெரியவில்லை, இரண்டு வருட உழைப்பு ஒரே ராத்திரியில் கலப்புத் தொட்டியாகிவிட்டது. திரும்ப முதலிலிருந்துதான்.

போன வாரம் கடையில் ஆண் மீனைப் பிடித்ததும், பெண்ணும் இதே தொட்டியிலிருந்துதான் வேண்டும் என்றேன். "பொட்ட மீன்ல இன்னாக்கா கீது? அதே தொட்டினா முப்பது ரூபா சேத்துக் குடுங்க" என்றார். கொடுத்தேன். இப்போது தனி டப்பில் இருக்கிறாள், இன்றோ நாளையோ குட்டி போடுவாள். வயிற்றில் இருப்பது யாருடையதாக இருந்தாலும் அந்த வீட்டுப் பிள்ளைதான்.