லோரியில் ஏறிய மற்ற மூன்று பிள்ளைகள்

அந்தப் படத்தை நேற்றிலிருந்து எத்தனை குழுக்களில் பார்த்தாயிற்று. சேவை மையத்து வாசலில் நம் ஊர் அரசியல் தலைவர், கையில் ஹம்பர் என்ற பரிசுக் கூடை, பக்கத்தில் நான்கு வயதுப் பிள்ளை, பின்னால் அழுது வீங்கிய முகத்தோடு அதன் அப்பா. “நம்ம பிள்ளையை மீட்டுட்டோம்” என்று மேலே ஒரு வரி. பிள்ளை வீடு வந்து சேர்ந்ததில் மனசாரச் சந்தோஷம். ஆனால் அன்று விடியக்காலை மலேசியக் குடிநுழைவுத் துறை சோதனை நடத்தி, செம்பனைக் காண்ட்ராக்ட் ஆட்கள் தங்கும் லயத்திலிருந்து பிடித்துக்கொண்டு போன லோரியில் நான்கு பிள்ளைகள் ஏறினார்கள். ஒருத்திதான் திரும்பியிருக்கிறாள். ஒரு ரொஹிங்யா அக்கா, அவள் தம்பி, இந்தோனேசியாவின் லொம்போக்கிலிருந்து வந்த பெண்ணின் கைக்குழந்தை ஆகிய மூவரும் இன்னும் உள்ளேதான். அவர்களைப் பற்றிக் கேட்டதற்குத் தலைவர் தந்த பதில், “அது சட்டப்படி நடக்கும்.”

சரி, சட்டப்படி எத்தனை நாள்?

இதைக் கேட்டதற்குத்தான் நேற்று ராத்திரி முழுக்கத் திட்டு. “நல்லது செய்தாலும் குறை சொல்வீங்களா” என்கிறார்கள். குறை சொல்ல இதை எழுதவில்லை. சட்டத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை, அது இல்லாததுதான் பிரச்சினை. மோட்டார் திருடியவனைப் பிடித்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது கூட்டரசு அரசியலமைப்பின் 5(4) பிரிவு. அதே பிரிவிலேயே ஒரு விலக்கும் இருக்கிறது. குடிநுழைவுச் சட்டத்தில் பிடிபடும் வெளிநாட்டவருக்கு அது 24 மணி நேரமில்லை, 14 நாள். அதற்குப் பிறகு 1959/63 குடிநுழைவுச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு வருகிறது. நாட்டைவிட்டு அனுப்பும் வரை “தேவையான காலம்” வைத்திருக்கலாம் என்கிறது அது. அதிகபட்சம் இவ்வளவு என்று எந்த எண்ணும் இல்லை. இன்ன வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை வைக்கக்கூடாது என்றும் இல்லை. நம்முடைய 2001 சிறார் சட்டத்தில் 18 வயதுக்குக் கீழே எல்லாரும் பிள்ளைகள்தான். டெப்போ என்ற குடிநுழைவுத் தடுப்பு மையத்தின் கதவுக்குள் போனால் அந்தச் சட்டம் பேசுவதில்லை.

“அனுப்பும் வரை” என்பது ஏன் இழுக்கிறது தெரியுமா? கைக்குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்குத் தூதரகம் எஸ்பிஎல்பி என்ற பயணப் பத்திரம் கொடுத்தால்தான் கப்பலோ விமானமோ ஏற முடியும். பிள்ளைக்கும் அது வேண்டும். பிள்ளை இன்னார் வயிற்றில் பிறந்தது என்று காட்ட பிறப்புப் பத்திரம் வேண்டும். பிடிபட்டுவிடுவோம் என்ற பயத்தில் பதிவு இலாகா பக்கமே போகாத அம்மாவிடம் அது எங்கே இருக்கும்? டிக்கெட் காசையும் குடும்பம்தான் தேட வேண்டும். இதில் ஒன்று தடைபட்டாலும் மாதக்கணக்காகும். ரொஹிங்யா பிள்ளைகள் நிலைமை இதைவிட மோசம். 1982 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு மியன்மார் அவர்களைத் தன் மக்களாகவே கணக்கில் எடுப்பதில்லை. அனுப்ப நாடே இல்லை என்றால் “அனுப்பும் வரை” என்பதற்கு முடிவு எது?

அரசியல்வாதிகள் இதுவரை சொன்ன பதில்களை வரிசையாக நினைத்துப் பாருங்கள். 2022-இல் டெப்போக்களில் 150 வெளிநாட்டவர் இறந்தார்கள், அதில் ஏழு பேர் குழந்தைகள் என்று உள்துறை அமைச்சர் 2023 பிப்ரவரியில் சொன்னார். ஏழு குழந்தைகள். நாம் யாரும் ஒரு மெழுகுவத்தி ஏற்றவில்லை. அந்த 2023-இலேயே பிள்ளைகளுக்கென்று பைத்துல் மஹப்பா என்ற இல்லம் வந்தது. அன்பின் இல்லம் என்று அர்த்தம். விளையாட்டுச் சாமான், வகுப்பு எல்லாம் உண்டு என்றார்கள். இருக்கட்டும், டெப்போ சிமெண்டுத் தரையைவிட நல்லதுதான். ஆனால் அதன் சாவியும் குடிநுழைவுத் துறையிடம்தான். அங்கேயும் எத்தனை நாள் என்று யாரும் சொல்லவில்லை. 2024 மார்ச்சில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அறிக்கை வந்தபோது நாடு முழுக்க 20 மையங்களில் சுமார் 12,000 பேர், அதில் 1,400 பேர் பிள்ளைகள். உள்ளே போய்ப் பார்க்கலாம் என்றால், ஐநா அகதிகள் ஆணையத்தையே 2019 ஆகஸ்டிலிருந்து விடுவதில்லை.

பீடோர் நமக்குப் பக்கம்தானே. 2024 பிப்ரவரி முதல் தேதி அங்குள்ள டெப்போவிலிருந்து 131 பேர் தப்பி ஓடியபோது நம் குழுக்களில் ஓடியதெல்லாம் “கதவைப் பூட்டுங்க, பிள்ளைகளை வெளியே விடாதீங்க” என்ற செய்திதான். அவர்கள் ஏன் ஓடினார்கள் என்று ஒருவர் கேட்கவில்லை. அதற்கு முன்னால், 2022 ஏப்ரலில் ரெலாவ் டெப்போவிலிருந்து 528 ரொஹிங்யாக்கள் வெளியேறினார்கள். நெடுஞ்சாலையைக் கடக்கும்போது வாகனம் மோதி ஆறு பேர் செத்தார்கள். அதில் ஒரு பையன், ஒரு பெண் பிள்ளை. மறுநாள் பேச்செல்லாம் எத்தனை பேர் பிடிபட்டார்கள் என்பதைப் பற்றித்தான். 2018-இல் அமெரிக்க எல்லையில் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கம்பிக் கூண்டில் வைத்த படங்களை இதே முகநூலில் அழுதுகொண்டே பகிர்ந்தவர்கள் நாம்தான். டெக்சாஸ் கம்பி கண்ணுக்குத் தெரிந்தது, பீடோர் கம்பி தெரியவில்லையா?

“நம்ம பிள்ளைங்களுக்கே ஐசி (அடையாள அட்டை) இல்லை, முதல்ல அதைப் பாருங்க” என்று ஓர் அண்ணன் எழுதியிருந்தார். அண்ணே, உங்கள் கோபம் நியாயம். ஆனால் இது வேறு கதை இல்லை. அந்த நான்கு வயதுப் பிள்ளை ஏன் லோரியில் ஏறினாள்? அப்பா தமிழர், ஐசி வைத்திருப்பவர். அம்மா இந்தோனேசியக்காரி. கோயிலில் தாலி கட்டினார்கள், பதிவு செய்யவில்லை. 1982 மார்ச் முதல் தேதியிலிருந்து பதிவில்லாத தாலி சட்டத்தின் கண்ணில் கல்யாணமே இல்லை. பதிவு செய்யப் போனாலும் அம்மாவின் பாஸ்போர்ட்டும் விசாவும் உயிரோடு இருக்க வேண்டும். கல்யாணம் பதிவாகாமல் பிறந்த பிள்ளைக்கு அம்மாவின் நாடுதான் கணக்கு. அதனால் அவள் பிறப்புப் பத்திரத்தில் இருப்பது புக்கான் வர்கநெகாரா, அதாவது குடிமகள் அல்ல. இப்போது போய்ப் பதிவு செய்தாலும் பிறந்த நேரத்தில் என்ன இருந்தது என்றுதான் பார்ப்பார்கள். அரசியலமைப்பின் 15ஏ பிரிவில் உள்துறை அமைச்சுக்கு மனுப் போட வேண்டும், வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

ஆக, தலைவர் கேட்டார், விட்டார்கள். சட்டம் விடச் சொல்லவில்லை. ஹம்பரோடு வீட்டுக்கு வந்த பிள்ளையின் பத்திரத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. அடுத்த ஓப்ராசியில், அதாவது சோதனையில், அவளை மறுபடியும் ஏற்றலாம். அப்போது தேர்தல் முடிந்திருந்தால் யார் போய்க் கேட்பார்கள்?

நம் தாத்தா பாட்டிகளுக்கும் இதுதான் நடந்தது. 1968 வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்ததும் குடியுரிமை இல்லாத சிவப்பு ஐசிக்காரர்கள் பெர்மிட் இல்லாமல் ரப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாமல் போனது. பால்வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பல்லாயிரம் பேர் கப்பலேறினார்கள். 2024 அக்டோபர் 17 அன்று மக்களவை நிறைவேற்றிய திருத்தம், நிரந்தரவாசிகளுக்கு இங்கே பிறக்கும் பிள்ளைக்குத் தானாகக் கிடைத்த குடியுரிமையை எடுத்துவிட்டது. சிவப்பு ஐசி யாரிடம் இருக்கிறது? நம் தோட்டத்துப் பாட்டன் பூட்டன் வழியில் இன்னும் இருக்கிறது. அன்று எத்தனை தலைவர்கள் நம் ஊரில் கூட்டம் போட்டார்கள்?

“பெற்றவங்க செய்த தப்பு” என்பவர்களுக்கு ஒன்றுதான். அந்தக் கைக்குழந்தை எந்த எல்லையைக் கடந்தது? “விட்டால் எல்லாரும் வந்துடுவாங்க” என்கிறார்கள். தாய்லாந்து 2019 ஜனவரியிலேயே பிள்ளைகளைக் குடிநுழைவுக் காவலில் வைக்காமல் சமூகநலத் துறையிடம் விடும் உடன்பாட்டில் கையெழுத்திட்டது.

பேசினால் என்ன ஆகும் என்றும் தெரியும். சுங்கை பட்டாணியில் பிறந்த ஐரீன் பெர்னாண்டஸ் 1995-இல் டெப்போ நிலைமையை எழுதினார். 1996-இல் பொய்ச் செய்தி வெளியிட்டதாக வழக்கு, 2003-இல் ஓராண்டுச் சிறைத் தண்டனை, 2008-இல்தான் விடுதலை. பதிமூன்று வருஷம் அந்த அம்மா அலைந்தார். நமக்கு ஒரு கமெண்ட் எழுதவே கை நடுங்குகிறது.

தலைவரிடம் கேட்பது இவ்வளவுதான். மூவரும் எந்த மையத்தில், எந்தப் பிரிவின் கீழ், எந்தத் தேதியிலிருந்து என்பதை எழுத்தில் வாங்குங்கள். சுஹாகாம் என்ற மனித உரிமை ஆணையத்தின் சிறார் ஆணையருக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். எத்தனை நாள் என்று மக்களவையில் கேட்கச் சொல்லுங்கள். லயத்தில் இருப்பவர்கள் பிள்ளையின் பிறப்புப் பத்திரம், கிளினிக் புத்தகம், அகதிகள் ஆணைய அட்டை மூன்றையும் போட்டோ எடுத்து வெளியே நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். அசல் லயத்தில் கிடந்து, ஆள் லோரியில் போய்விட்டால் பிள்ளையின் வயதைக்கூட நிரூபிக்க முடியாது.

இன்று 12-ஆம் நாள். கைக்குழந்தையின் கிளினிக் புத்தகம் லயத்துப் பலகைத் தட்டிலேயே இருக்கிறது. எடை போடும் பக்கத்தில் கடைசிப் புள்ளி எட்டாம் மாதம். ஒன்பதாம் மாதத்து எம்எம்ஆர் ஊசிக்கான கட்டம் காலி. தேதி வரும் செவ்வாய்க்கிழமை. திங்கள் காலை அந்தப் புத்தகம் டெப்போ வாசலுக்குப் போகும். வாங்க மறுத்தால், மறுத்த நேரத்தை எழுதிக்கொண்டு வர இன்னொரு ஆள் வேண்டும். வர முடிந்தவர்கள் கீழே சொல்லுங்கள்.